எழுமாற்று அட்டவணையும் மலையக மக்களின் 'விதி'யும்

பாத்திரமேற்று ஆடும் மேசையாட்டங்களுக்கான எழுமாற்று அட்டவணைக் கருவி வெறும் கணிதப் பொறியே என்றும், தாயக்கட்டைக்குச் சாதியுமில்லை வர்க்கமுமில்லை ஆதலின் அக்கருவியை ஆக்குவோருக்குச் சமூகப் பொறுப்பு எதுவுமில்லை என்றும் ஒரு கருத்து நிலவுகின்றது. இக்கருத்தைக் கணினித் துறையினர் உறுதியோடும் இலக்கியத் துறையினர் அசட்டையோடும் ஏற்றுக்கொள்கின்றனர். முன்னவருக்கு அது நிகழ்தகவுக் கணக்கு. பின்னவருக்கு அது சிறுபிள்ளை விளையாட்டு. இரு சாராரும் ஒரே தவற்றையே இரு வழிகளிற் புரிகின்றனர். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்டு அத்தகைய கருவியொன்று ஆக்கப்படுமாயின், அத்தவறு எத்துணைப் பாரதூரமானது என்பது வெளிப்படையாகும்.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். ஏனையோர் தத்தமக்குரிய பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்யும் என்பதைச் சொல்லிச் செல்வர். எவரும் முன்கூட்டித் தீர்மானியாத இடங்களில் தாயக்கட்டை உருளும். விழுந்த எண்ணுக்கு நேரே அட்டவணையில் எழுதப்பட்டிருப்பது நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் ஆக்கி 1974 இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு வழிவகுத்தது. 1977 இல் மார்க் மில்லர் ஆக்கிய 'டிரவலர்' ஆட்டத்திலோ பாத்திரத்தின் முன்வாழ்க்கையையே அட்டவணைகள் தீர்மானித்தன. ஆட்டம் தொடங்குமுன்னரே பாத்திரம் மாண்டுபோகவும் கூடும். கையால் உருட்டி ஏட்டில் தேடிய இவ்வேலையைக் கணினி இன்று கணப்பொழுதிற் செய்து முடிக்கின்றது. பட்டியல்களை உள்ளிட்டால் அது எண்ணைத் தெரிந்து, வரியை எடுத்து, வரியோடு வரியைக் கோத்து, ஓர் ஊரையோ ஒரு மனிதரையோ ஒரு நாளின் நிகழ்வையோ ஆக்கித் தந்துவிடும்.

இது அந்நியப் பண்டம், தமிழ் மாணவருக்கு இதனால் ஆவதென்ன என்று வினவுவோர் தம் வீட்டுத் திண்ணையையே நோக்கவில்லை எனலாம். எண்ணை உருட்டி எழுத்தைப் பெறும் வழக்கம் தமிழரிடையே பழையது. அகத்தியர் பெயரால் வழங்கும் பாய்ச்சிகை ஆரூட நூல்கள் வேறு என்ன செய்கின்றன? பாய்ச்சிகையை உருட்டி, விழுந்த எண்ணுக்குரிய பலனை ஏட்டிற் படிக்கும் முறை முழுமையான எழுமாற்று அட்டவணையே. பரமபத சோபான படம் இன்னொரு சான்று. பாத்திரமேற்றல் என்பதும் மலையகத்திற்குப் புதிதன்று. மாசி மாதத்திலே லயத்து முற்றத்தையும் தோட்டத்துப் பாதையையும் அரங்காக்கி, இரதியாகவும் மன்மதனாகவும் தொழிலாளரே வேடம்பூண்டு நிகழ்த்தும் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் அம்மண்ணில் ஊன்றிய கலைகள். ஆகவே ஆட்டம் அந்நியமா என்பது வினாவன்று. அட்டவணையை எழுதுவது யார் என்பதே வினா.

பரமபதப் படத்தைச் சற்று ஊன்றி நோக்குக. ஆடுபவர் தம் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தாயக்கட்டையின் செயலென்றே எண்ணுகின்றனர். எந்தக் கட்டத்தில் ஏணி நிற்கவேண்டும், எந்தக் கட்டத்தில் பாம்பு வாய்திறந்து கிடக்கவேண்டும் என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கவில்லை. படத்தை வரைந்தவரின் அறநோக்கு அதனைத் தீர்மானித்துவிட்டது. எதைப் புண்ணியமென்றும் எதைப் பாவமென்றும் அவர் கொண்டாரோ அதற்கேற்பவே ஏணியும் பாம்பும் இடம்பெற்றன. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்கென 1979 இல் வெளிவந்த நடத்துநர் கைந்நூலிலும் இதே நிலைமையைக் காணலாம். நகர வீதியில் எதிர்ப்படுவோருக்கான பகுதியில் விலைமாதரை வகை வகையாக அடுக்கிய துணை அட்டவணையொன்று அந்நூலில் உண்டு. அவ்வீதியிலே பெண்ணை அவ்வாறு நிறுத்தியது தாயக்கட்டையா? எண் தற்செயலாக விழலாம். எண்ணுக்கு நேரே நிற்கும் சொல் தற்செயலாக விழுவதில்லை.

இவ்வுண்மையை விளக்குவதற்குத் தமிழர் வரலாற்றில் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிலும் தக்க சான்றில்லை. முதலாம் பராந்தக சோழனின் 14ஆவது ஆட்சியாண்டில், அதாவது 921 அளவில், பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கின்றது. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலைத்து, ஏதுமறியாத சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பித்தனர். சிறுவனின் கை நடுநிலையானது என்பதில் ஐயமில்லை. மேடைதோறும் தமிழர் பெருமைப்படும் முறையும் இதுவே. ஆயின் ஓலையிற் பெயர் எழுதப்படுவதற்கு விதிக்கப்பட்ட தகுதிகள் யாவை? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். தன் மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்குட்பட்டிருத்தல் வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அந்நிலத்தை உழுதவனின் ஓலை குடத்தினுள் இல்லை. சிறுவன் ஆயிரம் முறை கையை விட்டாலும் குடத்தில் இல்லாத ஓலை வெளிவராது. எடுக்கும் கையின் நேர்மையைப் போற்றிக்கொண்டே இடும் கையின் அநீதியை மறைத்துவிடலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இடப்படாத ஓலையின் கதை மலையக மக்களுக்கு ஏட்டில் மட்டும் வாசித்தறிந்த கதையன்று. 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை முதலிய தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளர் வெற்றிபெற்றனர். தலவாக்கலையில் தெரிவானவர் மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஆவார். அடுத்த ஆண்டே, 1948 இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949 இல் தேர்தற் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் அவர்தம் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்க வழி செய்தது. 1952 தேர்தலில் வாக்குப்பெட்டி இருந்தது, இரகசிய வாக்கெடுப்பு இருந்தது, எண்ணிக்கை இருந்தது. குடம் இருந்தது, ஓலை இல்லை.

இவ்விடத்தில் 'விதி' என்னும் தமிழ்ச் சொல்லின் இரட்டைப் பொருள் கருத்திற்கொள்ளத்தக்கது. ஊழ் என்பது அதன் ஒரு பொருள். சட்டம், ஒழுங்கு என்பது மறுபொருள். மலையக மக்களின் துயரத்தைப் பேசுவோர் பலர் இவ்விரண்டையும் குழப்பி, மனிதர் எழுதிய விதியைத் தெய்வம் எழுதிய விதியாகக் காட்டிவந்துள்ளனர். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என அது வகுத்தது. அந்த எஞ்சியோரை 1974 இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் 75,000 வீதம் சரிபாதியாகப் பங்கிட்டனர். 7 பேர் அங்கே, 4 பேர் இங்கே என்னும் விகிதம் மனித முகங்களைக் காணுமுன்னரே எழுதப்பட்டுவிட்டது. இலங்கைக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோர் தொகை ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையைப் பெரிதும் விஞ்சியது; அட்டவணை மாறவில்லை, மனிதரே மாற்றப்பட்டனர். அண்ணன் கப்பலேறத் தம்பி லயத்தில் நின்ற குடும்பங்களை நோக்கி 'எல்லாம் விதி' என்று பெருமூச்செறிவது அனுதாபம்போலத் தோன்றும். உண்மையில் அது அட்டவணையை எழுதிய கைகளுக்கு அளிக்கப்படும் மன்னிப்பாகும்.

அட்டவணைக் கருவியை ஆக்குவோர் இதே மன்னிப்பைத் தமக்கும் கோருகின்றனர் என்பதே இங்கு எழுப்பப்படும் குற்றச்சாட்டு. தேயிலைத் தோட்டம் என்றதும் அவர்தம் பட்டியலில் முதலில் வந்து நிற்பவை எவை என்பதை ஊகித்தல் அரிதன்று. பனிமூட்டம்; பங்களா; அப்பங்களாவில் உலவும் வெள்ளைத்துரையின் ஆவி; மர்மமான இரவுப் புகையிரதம்; கூடை சுமந்து சிரிக்கும் பெண். சுற்றுலாச் சுவரொட்டியிலிருந்து பெயர்த்தெடுத்த இவ்வரிகளுக்கு எண் இட்டுவிட்டால் அவை நடுநிலையாகிவிடுமா? அப்பெண்ணுக்குப் பெயரில்லை; அவள் விடியலிற் பிள்ளைக் காம்பராவில் விட்டுவந்த குழந்தைக்கு வரியில்லை; பெரட்டுக்களம் இல்லை; கொழுந்து நிறுக்கும் தராசு இல்லை; நிறை குறைந்ததால் விழுந்த அரைப்பேர் இல்லை. துரையின் ஆவிக்கு எண் உண்டு, உயிருள்ள தொழிலாளிக்கு எண் இல்லை எனின் அது குடவோலையின் பழைய கதையே.

இதனினும் நுட்பமான தவறொன்றுண்டு. சேர்க்கவேண்டியவற்றையெல்லாம் சேர்த்துவிட்டு, அவை யாவற்றையும் தற்செயல் என்று ஆக்கிவிடுவது அது. தோட்டத்தில் ஒரு நாளின் இடர்களைப் பட்டியலிடும் ஒருவர் குளவிக்கொட்டு, சிறுத்தை, மண்சரிவு, சம்பளக் குறைப்பு, கங்காணியின் ஏச்சு என ஐந்தையும் ஒரே அட்டவணையில் அடுக்கக்கூடும். குளவிக்கூடு கலைவது தற்செயல். கொட்டுப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வாகனம் நிற்கின்றதா என்பது தற்செயலன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அந்நிலம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மழையின் அளவைத் தாயக்கட்டை கூறலாம். சரியக்கூடிய மலையின் கீழே மக்கள் ஏன் இன்னும் குடியிருந்தனர் என்பதை எந்தத் தாயக்கட்டையும் கூறாது. அதனையும் உருட்டித் தீர்மானிக்கும் கருவி, விசாரணை வேண்டிய ஒன்றை ஊழ்வினையாக்கி ஆடுபவரின் உள்ளத்தில் பதிக்கின்றது.

ஆகவே கருவியின் அமைப்பிலேயே தற்செயலும் விதிமுறையும் வேறுபடுத்தப்படல் வேண்டும். இது கணிதத்துக்கு முரணானதன்று. கணிதத்தை முறையாகப் பயன்படுத்துவதேயாகும். ஒற்றைத் தாயக்கட்டையை உருட்டினால் ஆறு முகங்களும் சமவாய்ப்புடையன. இரண்டை உருட்டிக் கூட்டினால் 7 விழுவதற்கு 36 இல் 6 வாய்ப்புகள் உள. 2 விழுவதற்கு ஒன்றே உளது. எந்த வரியை 7 இல் வைப்பது, எதை 2 இல் வைப்பது என்பது உலகத்தைப் பற்றிய ஒரு கூற்று. கொழுந்தெடுப்பவரின் மகள் பல்கலைக்கழகம் புகுவதை 2 இல் வைத்து, அவள் வேலைக்காரியாகக் கொழும்புக்கு அனுப்பப்படுவதை 7 இல் வைப்பவர் ஏன் அவ்வாறு வைத்தார் என்பதை ஆடுபவர் காணக்கூடியதாக இருத்தல் வேண்டும். நிறையை உள்ளே மறைத்து முடிவை மட்டும் காட்டும் கருவி, தட்டை மறைத்து நிறுக்கும் தராசைப் போன்றது. தராசின் வஞ்சகத்தைக் கொழுந்து நிறுவையில் அறியாத தலைமுறை மலையகத்தில் இல்லை.

மேலும், தாயக்கட்டைக்கு நினைவில்லை, தோட்டத்துக்கு நினைவுண்டு. கவ்வாத்து வெட்டிய மலையில் மறுவாரமே கொழுந்து எடுக்கலாம் என்று அட்டவணை கூறுமாயின் தோட்டத்துப் பிள்ளைகளே நகைப்பர். நேற்று எடுத்த மலையை இன்று எடுப்பதில்லை. கொழுந்து திரும்பி வரும்வரை ஒரு சுற்றுக் காத்திருக்க வேண்டும். உருட்டுந்தோறும் எல்லா வரிகளும் மீண்டும் கிடைக்கும் தாயக்கட்டை முறை இதற்குப் பொருந்தாது. எடுத்த சீட்டை மீண்டும் இடாத திருவுளச்சீட்டு முறையே பொருந்தும். முந்திய முடிவு பிந்திய அட்டவணையை மாற்றவும் வேண்டும். மழைக்காலமா, கடன் உண்டா, தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்துள்ளதா என்பவற்றுக்கேற்ப வரிகள் சேரவும் விலகவும் வேண்டும். கூட்டாகச் செயற்படும் தொழிலாளர் அட்டவணையையே மாற்றியெழுதும் வழி ஆட்டத்தில் இருத்தல் வேண்டும். அவ்வழி இல்லாத ஆட்டம் எத்துணைச் சுவையுடையதாயினும் அது பொறுமையைப் பயிற்றும் பாடமேயன்றி வேறன்று.

மொழிப் பிரச்சினை இவற்றிலிருந்து வேறுபட்டதாகத் தோன்றினும் அதுவும் இதே வினாவையே எழுப்புகின்றது. ஆங்கிலத்துக்கென ஆக்கப்பட்ட கருவிகள் வாக்கியத்தில் வெற்றிடம் விட்டு அதிற் பெயரைச் செருகுகின்றன. தமிழில் அது இயலாது. மரம் மரத்தில் என்றும், வீடு வீட்டில் என்றும், ஆறு ஆற்றில் என்றும் உருபேற்கும்போது திரிகின்றன. திணை பால்களுக்கேற்ப வினைமுற்றும் மாறுகின்றது. குளவி வந்தது, கிழவி வந்தாள், கணக்கப்பிள்ளை வந்தார் என்னும் மூன்றனையும் ஒரே வெற்றிடத்தால் ஆக்கவியலாது. ஆதலின் ஒவ்வொரு பெயரோடும் அதன் உருபேற்கும் வடிவமும் திணையும் பாலும் குறிக்கப்படல் வேண்டும். அன்றேல் பட்டியலில் தனிச்சொல் இன்றி முழுவாக்கியமே இடம்பெறல் வேண்டும். இதனை இலக்கண நுட்பம் என்று மட்டும் கருதிவிடலாகாது. துரை வந்தார், கணக்கப்பிள்ளை வந்தார், கொழுந்தெடுப்பவள் வந்தாள் என்று பொறி தானே எழுதத் தொடங்குமாயின், பெரட்டுக்களத்தின் மரியாதை வரிசை முழுவதும் பொறியினுட் புகுந்துவிட்டது என்பதே பொருள். உயர்வு விகுதியை எவருக்கு இயல்பாக அளிப்பது என்பதை நிரலாளர் ஒரு வரியிலே தீர்மானிக்கின்றார். அவ்வொரு வரியிலே நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தோட்ட வரலாறு அடங்கிக்கிடக்கின்றது.

இவ்வாதங்களுக்கு எதிராக இரு மறுப்புகள் கூறப்படலாம். விளையாட்டில் இத்துணைச் சமூகவியலைப் புகுத்தினால் விளையாட்டு மாண்டுவிடும் என்பது ஒன்று. தற்செயலின் சிறப்பே எழுதுபவரின் விருப்பு வெறுப்புகளை உடைப்பதுதானே என்பது மற்றொன்று. இரண்டாவது மறுப்பில் உண்மையுண்டு. தனியொருவர் கதை புனையும்போது பழகிய தடத்திலேயே செல்வார். தாயக்கட்டை அவரைத் தடத்திலிருந்து தள்ளிவிடும். எதிர்பாராத இரு வரிகள் சேர்வதிலிருந்து எவரும் எண்ணிப்பாராத பாத்திரம் பிறக்கக்கூடும். ஆயினும் தள்ளப்பட்டவர் சென்று விழும் இடமும் பட்டியலுக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்பதை இம்மறுப்பினர் மறந்துவிடுகின்றனர். ஐந்து வகைத் துரைமாரை எழுதிய பட்டியல் எத்தனை முறை உருண்டாலும் துரையையே தரும். முதலாவது மறுப்போ அனுபவத்துக்கு முரணானது. கொழுந்து லொறியின் நேரம், தராசடியில் எழும் வாக்குவாதம், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மழைநாளிரவில் நிகழும் கதைப்பு, காமன் கூத்தில் இம்முறை இரதி வேடம் யாருக்கு என்னும் போட்டி ஆகியவற்றைக் காட்டிலும் துரையின் ஆவி சுவையானது என்று கூறுவோர் தோட்டத்தையும் அறியார், கதையையும் அறியார்.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்ட மாத்திரத்தில் நூறு வரிகளை எழுதித் தருகின்றன என்பதால் இவ்விவாதம் காலங்கடந்தது என்று கருதுவதும் பொருந்தாது. ஏற்கெனவே மிகுதியாக எழுதப்பட்டவற்றையே அவை மிகுதியாகத் திரும்பக் கூறும். மலையகத்தைப் பற்றி மிகுதியாக எழுதியோர் தோட்ட முதலாளிகளும் பயணிகளும் விளம்பரக்காரருமே ஆதலின், அவ்வரிகளில் சுவரொட்டியே மீண்டும் தலைகாட்டும். பட்டியலுக்கு வேண்டிய வளம் வேறிடத்தில் உளது. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் நூலாகிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்', மலையகச் சிறுகதைகள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், லயத்து முதியோரின் நினைவுகள் என அது விரிந்து கிடக்கின்றது. அவற்றிலிருந்து வரி வரியாகத் திரட்டி, எவ்வரி எவரிடமிருந்து பெறப்பட்டது என்பதைக் குறித்து வைப்பது தமிழ்த் துறைக்கும் கணினித் துறைக்கும் பொதுவான பணியாகும். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர் அப்பணியில் தகவலாளராக மட்டும் நிறுத்தப்படாது ஆசிரியராக இடம்பெறல் வேண்டும்.

கோரப்படுவன மிகப் பெரியனவல்ல. பட்டியலை எழுதியவர் பெயர் தெரிதல் வேண்டும். ஒவ்வொரு வரியின் நிறையும் ஆடுபவர் கண்முன் இருத்தல் வேண்டும். தற்செயலாக நிகழ்வதும் மனிதர் தீர்மானத்தால் நிகழ்வதும் வெவ்வேறு அட்டவணைகளில் நிற்றல் வேண்டும். ஆடுபவர் வரியைச் சேர்க்கவும் நீக்கவும் உரிமை பெறல் வேண்டும். மனிதர் யாவருக்கும் ஒரே மரியாதை விகுதி வழங்கப்படல் வேண்டும். இவ்வைந்தும் நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கடினமானவை என்று எந்த நிரலாளரும் கூறார். இவற்றைச் செய்ய மறுப்பவர் இயலாமையால் மறுக்கவில்லை. பட்டியல் தம் கையிலேயே இருத்தல் வேண்டும் என்னும் விருப்பத்தால் மறுக்கின்றார்.

மலையக மக்களின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்குச் சட்டமன்றத்துக்கு ஓரிரு ஆண்டுகள் போதுமாயிருந்தன. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் கேட்டது குடத்தினுள் தம் ஓலையும் இடப்படல் வேண்டும் என்பதையே. எடுக்கும் கை தமக்குச் சாதகமாக இருக்கவேண்டுமென அவர்கள் கேட்கவில்லை. அப்போராட்டத்தின் பின்னர் பிறந்த தலைமுறை, விளையாட்டு மேசையிலேனும் அப்பழைய குடத்தைக் கவிழ்த்துப் பார்த்து, உள்ளே எவர் பெயர் உண்டு, எவர் பெயர் இல்லை என எண்ணிவிட்டே தாயக்கட்டையைக் கையில் எடுத்தல் வேண்டும்.